இடது கை தூக்கியவள்

பெரிய மிஸ்ஸின் வித்தை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். ஆய்வு அதிகாரி வரும் நாளில், கேள்வி கேட்டதும் மொத்த வகுப்பும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. அவள் வலது கைகளை மட்டும் எழுப்புவாள். அதிகாரியும், அடேயப்பா, இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று எழுதிவிட்டுப் போவார்.

சின்ன மிஸ்ஸுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? பத்தாம் வகுப்புக்கு வருஷம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது இவள். ஆய்வு நாளில் மட்டும் பெரிய மிஸ் வகுப்பைப் பிடுங்கிக்கொள்வாள். போன தடவை இவள் தயாரித்த பாடத்தையே அச்சுப் பிசகாமல் நடத்திப் பாராட்டு வாங்கினாள். இவளைப் பற்றி அதிகாரி கேட்டபோது, "அவங்களா? சார்ட் மாட்டுவாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் இவளுடைய வேலை நிரந்தரமாகாமல் போயிற்று. செத்தாலும் மறப்பாளா?

இந்த ஆய்வு நல்லபடியாக முடிந்தால் பெரிய மிஸ்தான் தலைமையாசிரியை. கவிழ்த்தால் இப்போதுதான் கவிழ்க்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி. வாயே திறக்காததால் ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். சாப்பாட்டு இடைவேளைகளில் அவளை உட்காரவைத்து, கலங்கரை விளக்கக் காவல்காரனைப் பற்றிய ஆங்கிலக் கவிதையை வரி வரியாகப் பேசவைத்தாள் சின்ன மிஸ். அவளும் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், இப்பதான் எனக்குத் தெரியுமே. வலது கையைத் தூக்கட்டுமா?"

"வேணாம்மா. பெரிய மிஸ் உன்னை இடது கைன்னுதானே சொல்லியிருக்காங்க? அதையே தூக்கு. யாரு என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லு. இங்கிலீஷ்ல சொல்லு."

ஆய்வு நாள் வந்தது. அதிகாரிக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்ட சின்ன மிஸ் குனிந்து, "சார், இடது கை தூக்குறவங்களையும் கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

காவல்காரன் ஏன் விளக்கை அணைத்தான் என்று கேட்டாள் பெரிய மிஸ். எல்லாக் கைகளும் எழுந்தன. அதிகாரி கடைசி பெஞ்சைக் காட்டினார்.

"சார், அவ கொஞ்சம்..." என்று இழுத்தாள் பெரிய மிஸ்.

அந்தப் பெண் எழுந்து, ஆங்கிலத்தில், தடுமாறாமல் சொன்னாள். வருகிற கப்பலில் அவன் மகனைக் கொன்றவன் இருந்தான். அதனால் அணைத்தான். ஆனால் அதே கப்பலில் ஒரு பாவமும் அறியாதவர்களும் இருந்தார்கள்.

அதிகாரி அசந்துபோனார். இவ்வளவு தெரிந்தவள் ஏன் இடது கையைத் தூக்கினாய் என்று கேட்டார். தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும் என்பது பெரிய மிஸ்ஸின் உத்தரவு என்று அதையும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பில் மிச்சமிருந்த இடது கைகள் மடமடவென்று இறங்கின. அதிகாரி பைலை மூடிவிட்டு எழுந்தார்.

சின்ன மிஸ்ஸுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வராந்தாவில் பெரிய மிஸ் வழிமறித்தாள். "நீதானே?"

"நானேதான் மேடம். சார்ட் மாட்டுறவ."

பெரிய மிஸ் விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள். சின்ன மிஸ் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தால், அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இனிமே என் மூஞ்சியிலேயே முழிக்காதேன்னு பெரிய மிஸ் சொல்லிட்டாங்க. வலது கையைத் தூக்கியிருந்தாலும் நான் பதில் சொல்லியிருப்பேனே மிஸ். நீங்க ஏன் வேணாம்னீங்க?"

சின்ன மிஸ் கீழே கிடந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்குவது போல் குனிந்துகொண்டாள்.