அடெலினோவின் மூன்று சனிக்கிழமைகள்

யூஜினிக்குப் பொய் சொல்ல வராது. தப்பித் தவறிச் சொன்னாலும் காது இரண்டும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டவள்தான் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து, இறந்துபோன மனிதர் ஒருவரின் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று அடையாளம் போட்டாள்.

ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது அந்த வகுப்பு. போர்த்துக்கல்லில் இருந்தும் பிரேசிலில் இருந்தும் வந்தவர்களுக்கு ஆங்கில வினைச்சொற்களின் காலங்களைப் படிப்பிக்க, அவள் ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடி வருவாள்.

"நானூறு, ஐந்நூறு வருசத்துக்கு முந்தி அவங்கள் மன்னாருக்கு வந்து எங்களுக்கு வேதம் படிப்பிச்சாங்கள். இப்ப நீர் இங்கிலீஸ் படிப்பிச்சுப் பழி தீர்க்கிறீர்" என்று கணவர் யோசப் சீண்டுவார்.

பழியாவது ஒன்றாவது! அவளுக்கு அந்தச் சனங்களைப் பிடித்துப்போயிருந்தது. மேசை, ஜன்னல், அலமாரி, அலவாங்கு என்று அவளுடைய வீட்டுச் சொற்கள்தானே கொஞ்சம் உருமாறி அவர்கள் வாயிலும் வந்தன. பிழைகள்கூடச் சொந்தக்காரப் பிழைகள். கூரை வேலை செய்யும் அடெலினோ, 'பதினொரு வருடமாக இங்கே வாழ்கிறேன்' என்பதை வெறும் நிகழ்காலத்தில் எழுதிவைப்பார். அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு காலம் உண்டென்று, யூஜினி பலகையில் நீளமாகக் கோடு கீறி விளக்குவாள். ஆனாலும் கோபிக்க மனம் வராது. தமிழிலும் அப்படித்தானே சொல்கிறோம்? அவர் தலையைச் சொறிந்துகொண்டு திருத்தி எழுதுவார். அடுத்த கிழமை அதே பிழையோடு வருவார். வகுப்புக்கு வராமல் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

பங்குனி மாதம் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தின் கூரையிலிருந்து விழுந்து அவர் இறந்தார். வகுப்பு முழுவதும் செத்தவீட்டுக்குப் போனது. யூஜினி அவருடைய மனைவி இடலினாவின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை வரவுப் பதிவேட்டைத் திறந்தபோது அவர் பெயர் அங்கே இருந்தது. அதை வெட்டினால் மிச்சம் ஒன்பது பேர். பத்துப் பேர் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை என்பது நிதி கொடுக்கும் அலுவலகத்தின் சட்டம். முதியோர் இல்லத்தில் வேலை தேடும் ஜுசாராவுக்கு வைகாசியில் ஆங்கிலப் பரீட்சை. மற்ற எட்டுப் பேருக்கும் இதைவிட்டால் வேறு வகுப்பும் இல்லை. தவணை முடிய இன்னும் மூன்றே கிழமை, அதைத் தாண்டினால் அடுத்த தவணைக்குப் புதிதாக யாரையும் சேர்த்துவிடலாம். யூஜினி 'வந்தார்' என்று போட்டாள். அடுத்த இரண்டு கிழமையும் அப்படியே போட்டாள்.

புதுத் தவணையின் முதல் சனிக்கிழமை, வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இடலினா கதவடியில் வந்து நின்றாள். கறுப்புச் சட்டை, கையில் ஒரு பெரிய கடித உறை. அதற்குள் இருந்ததை எடுத்து யூஜினியின் மேசையில் வைத்தாள். ஒரு நாளும் தவறாமல் தவணை முழுவதும் வகுப்புக்கு வந்ததற்காக அடெலினோவுக்கு அலுவலகம் அனுப்பிய சான்றிதழ். கடைசி வகுப்பின் திகதியும் அதில் அச்சாகியிருந்தது.

அலுவலகம் இப்படியொன்றை வீட்டுக்கு அனுப்பும் என்று யூஜினி கனவிலும் நினைக்கவில்லை.

இடலினா தன் மொழியில் மெதுவாகக் கேட்டாள். யூஜினிக்குப் பாதி விளங்கியது. மீதியை ஜுசாரா, தரையைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அந்த மூண்டு கிழமையும் என்னட்ட வராத மனுசன், உங்களிட்ட வந்தவரோ?"

இடலினாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை, பெட்டியை மண்ணுக்குள் இறக்கும்போது பக்கத்தில் நின்றவள் அவள். ஆனாலும் கேட்டாள்.

ஜுசாரா நிமிர்ந்து யூஜினியைப் பார்த்தாள். நடந்தது அவளுக்கு விளங்கிவிட்டது. சொல்லாதே என்பதுபோல் கண்ணாலேயே கெஞ்சினாள். அலுவலகம் விட்ட பிழை, கம்பியூட்டர் மாறி அனுப்பிவிட்டது என்று ஒரு வசனம் போதும். வகுப்பும் தப்பும், மானமும் தப்பும். யூஜினி வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"இல்லை அக்கா" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். "அவர் வரேல்லை. வந்தவர் எண்டு நான்தான் பொய்யா எழுதினனான். வகுப்பை மூடிப்போடுவாங்கள் எண்ட பயத்தில எழுதினனான். உங்களை ஒருக்காலும் யோசிக்கேல்லை. என்னை மன்னியுங்கோ."

ஜுசாரா அதைப் போர்த்துக்கேய மொழியில் சொல்லி முடிக்கும்வரை இடலினா கண்ணிமைக்கவில்லை. பிறகு மேசையில் இருந்த பதிவேட்டை விரலால் காட்டினாள்.

"அப்ப அதை வெட்டுங்கோ."

யூஜினி போன தவணையின் பக்கத்தைப் புரட்டி, மூன்று அடையாளங்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, 'வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். எல்லோரும் பார்த்திருக்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் இருந்தவள் நீண்ட நேரம் பேசினாள். வகுப்பு அன்றோடு நிறுத்தம். யூஜினியின் வேலையைப் பற்றித் திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம். ஜுசாரா கொப்பியை மூடி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கோபிப்பதிலும் நியாயம் இருக்கிறது என்று யூஜினி நினைத்தாள்.

இடலினா சான்றிதழைத் திருப்பி எடுக்கவில்லை. கதவுவரை போனவள் நின்று, உடைந்த ஆங்கிலத்தில் தானாகவே சொன்னாள்.

"இந்தக் கடிதம் வந்த நாளில இருந்து நான் வீட்டுக் கதவைப் பூட்டாமல் படுக்கிறன். இண்டைக்குப் பூட்டுவன்."