எடை குறைந்த லேப்டாப்

எங்கள் கடையில் மொத்தமாக வாங்குபவர்களுக்குப் பொத்தான்களை எண்ணித் தருவதில்லை, நிறுத்துத்தான் தருவோம். அன்று காலை முதலாளி வருவதற்கு முன் கோட்டுப் பொத்தான்களைத் தராசில் கொட்டி ஒன்றரைக் கிலோ வரும்வரை சேர்த்தேன். அதைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்த்தேன். பிறகு இன்னொரு கிலோ கூட்டி நடந்தேன். இந்த முறை ஐந்து நிமிடத்திலேயே பையின் வார் தோளில் அழுத்தியது. தங்கையின் கல்லூரிக்குப் போக ஒன்றேமுக்கால் மணி நேரம், வர அதே அளவு, நடுவில் ஒரு பஸ் மாற வேண்டும். பாதி நாள் உட்கார இடம் கிடைக்காது. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும் எந்த லேப்டாப்பையும் அவளை வாங்க விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு பொத்தான்களை டப்பாவில் திரும்பக் கொட்டினேன்.

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ஒன்பதாவதோடு நின்று இந்த நூல், பொத்தான் கடைக்கு வந்துவிட்டேன். அவள் படித்தாள். டிசைன் படிக்கச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் சோப்பு அட்டை, கடைப் பலகை எதைக் கண்டாலும் நின்றுவிடுகிறாள். "இந்த எழுத்தைப் பாருக்கா, மூச்சு விடக்கூட இடமில்லாம நெருக்கி வச்சிருக்காங்க" என்பாள். அது என் கண்ணிலும் பட்டிருக்கும். சொல்லத்தான் எனக்கு வராது. கடையிலும் பேச்சு தேவைப்படுவதில்லை. துணியை நீட்டுவார்கள், நான் அந்த நிறத்து நூல்கண்டை நீட்டுவேன், வேலை முடிந்துவிடும். மாலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறக்கிறேன் என்று தோன்றும் நாட்கள் உண்டு.

லேப்டாப் கடையில் குளிர் அதிகமாக இருந்தது. எல்லாத் திரைகளிலும் ஒரே மலையும் ஒரே ஏரியும் ஓடிக்கொண்டிருந்தன. விற்பனையாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்காமலே தங்கையின் பக்கம் திரும்பினார்.

"தினமும் தூக்கிட்டுப் போவீங்களா சிஸ்டர், இல்ல ஒரே இடத்துல வச்சிருப்பீங்களா?"

நான் "தினமும்" என்று தொடங்கியபோதே அவள் சொன்னாள். "ஒரே இடத்துலதான்."

விற்பனையாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பக்கத்துத் திரையைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஹாஸ்டல்ல இடம் கெடச்சிருக்குக்கா" என்றாள் தங்கை. "அடுத்த வாரம் போகணும். நேத்தே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ பாட்டுக்குப் பஸ்ல எந்தப் பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காதுன்னு சொல்லிட்டே இருந்தியா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சரி."

"கோவமா?"

"இல்லடி. நல்லதுதானே."

"மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

நான் கைப்பையைத் திறந்து எங்கள் கடையின் ஷேடு கார்டை வெளியே எடுத்தேன். நூறு நிற நூல்களைத் துண்டு துண்டாக வரிசையில் ஒட்டிய அட்டை அது. போன வாரம் அவள் அதைக் கல்லூரிக்கு எடுத்துப் போய் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். அந்தப் படத்தை ஒவ்வொரு திரையிலும் போட்டு, பக்கத்தில் உண்மையான அட்டையைப் பிடித்துப் பார்ப்பதுதான் அவள் திட்டம்.

விற்பனையாளர் சிரித்துவிட்டார். "லேப்டாப்புக்கு மேட்சிங் நூல் பாக்குறவங்களை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"அக்காவைச் சாதாரணமா நெனைக்காதீங்க. கறுப்புலயே பதினாலு கறுப்பு காட்டுவா" என்றாள் தங்கை. அவள் குரலில் பெருமை இருந்தது. இன்னொரு நாளாக இருந்திருந்தால் அதையே ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சின்னது. தூக்கிப் பார்த்தேன், ஒன்றரைக் கிலோகூட இருக்காது. மற்றது பெரியது, அகலமான திரை. அதை ஒரு கையால் எடுக்க முடியவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. நீ சொல்றதைத்தான் எடுக்கப்போறேன்" என்றாள். பிறகு அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "சின்னதுன்னா சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடலாம். அங்கேயே உக்காந்து வேலை செய்யலாம். பெருசுன்னா வேலை இருக்கிற வாரமெல்லாம் வர முடியாது" என்றாள்.

நான் அட்டையைச் சின்னத் திரையின் அருகே பிடித்தேன். சிவப்புகள் சரியாகவே இருந்தன. மஞ்சளிலும் குறையில்லை. மயில்கழுத்தில் மட்டும் பச்சை செத்துப்போய் வெறும் நீலமாக நின்றது. பெரிய திரையில் நூலும் படமும் எது எதென்று தெரியாதபடி ஒட்டிக்கொண்டன.

எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. சரியான நூல் இல்லாதபோது பக்கத்து நிறத்தை எடுத்துக் கொடுத்து "இதுவும் அதேதான்" என்று எங்கள் முதலாளி சொல்வார். வாங்கியவர்கள் நம்பிப் போவார்கள். தைத்து முடித்து வெயிலில் பார்க்கும்போதுதான் தெரியும். ஒரு சொல்தானே. சின்னது என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமைகள் என்னுடையவை. யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. இவள் என்றைக்காவது ஒரு புத்தக அட்டை செய்து, அது அச்சாகி வந்த பிறகு வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்து, ஏன் என்று புரியாமல் நிற்பாள். அவ்வளவுதான்.

"என்னக்கா, எது?"

"பெருசு."

"நிஜமாவா?"

"சின்னதுல மயில்கழுத்து வரல."

அவள் குனிந்து பார்த்தாள். தெரிந்ததோ இல்லையோ, தலையாட்டினாள். சட்டென்று என் கையைப் பிடித்து அழுத்தினாள், உடனே விட்டுவிட்டாள்.

விற்பனையாளர் புதிதாக ஒன்றைப் பெட்டியிலிருந்து பிரித்துப் பூட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார். விரலை வைத்தால் திறக்குமாம். அவள் நாலைந்து முறை வைத்து எடுத்ததும் திரையிலிருந்த ரேகைப் படம் நிறைந்து பச்சையானது.

"இன்னொரு ஆளு விரலும் சேக்கலாமா?" என்றாள்.

"சேக்கலாம் சிஸ்டர். ஆனா இது ஹாஸ்டலுக்குத்தானே போகுது?"

"இருக்கட்டும். வைக்கா."

"நான் எப்பத் திறக்கப்போறேன்?"

"வையேன்."

வைத்தேன். ரேகைப் படத்தில் இரண்டு கோடு ஏறி நின்றது. விரலை எடுத்து மீண்டும் வைக்கச் சொன்னது. வைத்தேன். இன்னும் ஒன்று ஏறியது. விற்பனையாளரை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். தங்கை அந்தப் பக்கம் தொங்கிய பைகளில் ஒன்றை முதுகில் மாட்டிக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் வைக்கச் சொன்னது. நான் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்தச் சின்னச் சதுரத்தில் இந்த முறை கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.