அண்ணி சொன்ன கடைசி வார்த்தை

அந்தச் சபை இரண்டாகப் பிரிந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பாட்டைப் புத்தகம் பார்த்துப் பாடுவதா, திரை பார்த்துப் பாடுவதா? அவ்வளவுதான். புத்தகக்காரர்கள் காலையில் கூடினார்கள், திரைக்காரர்கள் மாலையில். ஜெபச் சங்கிலி ஒன்றுதான் அறுபடாமல் மிஞ்சியது. விடிந்ததும் ஒருவர் அடுத்தவருக்குப் போன் செய்து அன்றைய ஜெபக் குறிப்பைச் சொல்வார், இருவரும் ஜெபிப்பார்கள், பிறகு அவர் அடுத்தவரைக் கூப்பிடுவார்.

பட்டியலின் கடைசிப் பெயர் தையல்காரியின் அண்ணி. கூப்பிட வேண்டியவள் தையல்காரி. அண்ணி திரைப்பக்கம் போனதிலிருந்து இவளுக்கு முகம் கொடுத்துப் பேச மனமில்லை. ஒருநாள் வந்த குறிப்பு, 'நம்முடைய ஒற்றுமைக்காக'. "ஆமா, பெரிய ஒற்றுமை!" என்று முணுமுணுத்துவிட்டு, அண்ணியைக் கூப்பிடாமலே போனை வைத்துவிட்டாள்.

அன்று காலையிலேயே அண்ணி மாரடைப்பில் இறந்துபோனாள்.

துக்க வீட்டில் போதகர் கேட்டார்: "காலைல ஜெபத்துக்குக் கடைசியா உங்ககிட்டதானே பேசியிருப்பாங்க? என்னம்மா சொன்னாங்க?"

கூட்டமே இவள் வாயைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "எல்லாரும் ஒண்ணா இருங்கன்னு சொன்னாங்க," என்றாள்.

இரண்டு கூட்டமும் கட்டிப்பிடித்து அழுதது. அடுத்த ஞாயிறே ஒரே ஆராதனை. புத்தகமும் இருந்தது, திரையும் இருந்தது. இதை முன்னமே செய்வதற்கு என்ன கேடு என்று யாரும் கேட்கவில்லை.

தையல்காரிக்கு மட்டும் தினமும் காலை ஆறு இருபதுக்கு, அண்ணியைக் கூப்பிட வேண்டிய அந்த நேரத்தில், மெஷினை மிதிக்கிற கால் தானாக நின்றுவிடும். அடுத்த அறையில் யாரோ மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது போலிருக்கும். எழுந்துபோய்ப் பார்த்தால் துணி மூட்டைதான். பயமாக இருந்தது, பயத்தைவிட வெட்கமாக இருந்தது. போதாக்குறைக்கு, பிளம்பர் வேலை செய்யும் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் சபை வாசலில் நிறுத்திக் கேட்பார்: "அன்னிக்கு உங்க அண்ணி என்னம்மா சொன்னா?" இவள் அதையே ஒப்பிப்பாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

வருட நினைவு ஆராதனையில் அந்த வார்த்தையை மேடையேறிச் சொல்லும்படி போதகர் கேட்டதும் இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரே அண்ணனின் கடைக்குப் போனாள். அவர் குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் அண்ணியைக் கூப்பிடவே இல்ல. சொன்னதெல்லாம் பொய்."

"தெரியும். அவ பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சபை சேர்ந்துச்சே, அதை ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன். ஆனா நீயும் நானும் சேரலையேம்மா. நீயா சொல்லுவேன்னுதான் வாராவாரம் கேட்டேன்."

அவள் உடைந்து அழுதாள். "அண்ணி நெசமா என்னதான் சொன்னாங்க?"

அவர் குழாயைக் கீழே வைத்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வான்னேன். 'கொஞ்சம் இருங்க, உங்க தங்கச்சி இப்பக் கூப்பிடுவா. நான் எடுக்கலைன்னா கோபமா இருக்கேன்னு நெனச்சுக்குவா'ன்னு உக்காந்திருந்தா."