ஸ்பேனர் இனி பாடக் கூடாதாம்

அண்ணன் மேடையேற இன்னும் பதினாறு மணி நேரம்தான் இருந்தது. ஊரே அடங்கிய நேரத்தில், அடுப்படி விளக்கைக்கூடப் போடாமல் அண்ணியை இழுத்து உட்கார வைத்தாள் தங்கை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். அண்ணனுக்கு வரும் மெயில், ஒப்பந்தம் எல்லாம் இரண்டு வருடமாக அவள் கையில்தான்.

அண்ணன் பைக் பட்டறையில் கிரீஸ் கையோடு, காற்றடிக்கும் மெஷினின் சத்தத்துக்கு ராப் கட்டியவன். பட்டறையில் வைத்த 'ஸ்பேனர்' என்ற பட்டப்பேர்தான் ஊர் வாயில் ஏறியது. ஒரே ஒரு வீடியோ. அப்புறம் அரங்கு அரங்காக நிறைந்தது. பாட்டோடு நிற்காமல் செருப்புக் கடை போட்டான். இப்போது அவன் பட்டப்பேரில் சென்ட் விற்க ஒரு கம்பெனி வந்திருந்தது.

"அண்ணி, திட்டாம கேளுங்க."

"பேயறைஞ்ச மாதிரி இருக்கே. என்னடி?"

"சென்ட் கம்பெனி பேப்பர் நாப்பது பக்கம் வந்துச்சுல்ல. அண்ணன் 'எழுத்தைப் பாத்தாலே தூக்கம் வருது, நீயே பாத்து அமுக்கிடு'ன்னுட்டான். எனக்கு மறுநாள் கெமிஸ்ட்ரி பரீட்சை. மூணு பக்கம் படிச்சேன். சம்மதம்னு அமுக்கிட்டேன்."

"அதுக்கென்ன இப்ப? சென்ட்ல கிரீஸ் வாசம் வருதாமா?"

தங்கை சிரிக்கவில்லை. சாயங்காலம் வந்த மெயிலைக் காட்டினாள். 'ஸ்பேனர்' என்ற பேர் இனி கம்பெனியின் சொத்து. அந்தப் பேரில் வேறு யாரும் பாடக் கூடாது, போஸ்டர் ஒட்டக் கூடாது. நாளைய நிகழ்ச்சிக்கும் இது பொருந்தும்.

"வேற யாரும்னா?"

"அண்ணனும்தான், அண்ணி."

அண்ணி அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "அடிப்பாவி," என்றாள். குரலில் கோபமே இல்லை. தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட சொல்லாதீங்க. விடிஞ்சதும் நானே போய் கம்பெனிக்காரங்க கால்ல விழறேன்."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா? எந்திரி."

அண்ணி எழுப்ப, அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து போனை வாங்கினான். உதடு அசைய, எழுத்துக் கூட்டி வாசித்தான். முதல் வரிக்கே ஒரு நிமிடம் ஆனது. இத்தனை வருடமாக அவன் சொன்ன தூக்கம் தூக்கமே இல்லை என்று தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனுக்கு ஒழுங்காக வாசிக்கத் தெரியாது.

"அண்ணே, நான்தான் பாக்காம..."

"அதை விடு. நாளைக்கு மைக்ல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

பள்ளிக்கூடத்தில் கொடுத்த பேர் ஒன்று அவனுக்கு இருந்தது. வீட்டில்கூட யாரும் அதைச் சொல்லி வருடக்கணக்காகிறது. தங்கை அந்தப் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.