இரவல் சளி

எச்சில் என்றால் சண்முகவடிவுக்கு ஆகவே ஆகாது. ஆகாது என்றால் விட்டுவிடுகிற இடமா அது? தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக் கானில் வெற்றிலைச் சாறும், பல் விளக்கிய கரியும், மூக்குச் சிந்தியதும், பிள்ளைகள் கழித்ததும் ஒன்றாக ஊறிக் கிடக்கும். மழை வந்து அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு. அவள் புருஷன் அழகுமுத்து வாசலில் நின்றபடியே புளிச்சென்று துப்புவான். கானைத் தாண்டித் துப்பிவிட்டால் அதில் ஒரு பெருமை வேறு. அவனுக்கென்று ஒரு குவளை, தனக்கும் பாப்பாவுக்கும் ஒரு குவளை என்று பிரித்து வைத்து, தன்னுடையதைச் சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பாள் சண்முகவடிவு. லயத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் தொரசானி, துரை வீட்டு அம்மா.

அந்தத் தொரசானிக்குத்தான் இருமல் வந்தது. ஐப்பசி மழையில் பிடித்தது தை பிறந்தும் விடவில்லை. மாலையானால் உடம்பு கொதிக்கும். மலையேறும்போது மூச்சு வாங்கி, கொழுந்துக் கூடை அரைக்கூடையாகவே நிறுவைக்கு வரும். கணக்கப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல டொக்டரய்யாவப் போய்ப் பாரு புள்ள. மலை பூரா பரப்பிப்புடாத" என்று விரட்டினார்.

டொக்டர் ஐயா என்று எல்லோரும் சொன்னாலும் அவர் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலக்கிக் கொடுப்பவர்தான். அவள் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, மூடி போட்ட ஒரு சிறு டப்பாவை மேசையில் வைத்தார்.

"இந்தா. இதுல சளி கொண்டு வரணும். எச்சில் இல்ல, விளங்குதா? எச்சில்ல ஒண்ணும் தெரியாது. விடியக்காலம் எழும்பினதும் வாயக் கொப்பளிச்சிட்டு, நெஞ்சுக்கு அடியில இருந்து இருமி எடுக்கணும். கட்டியா வரணும். அதக் கண்ணாடித் தகட்டுல பூசி, சாயம் போட்டு, பூதக்கண்ணாடியில பாப்பாங்க. சயரோகக் கிருமி இருந்தா செவப்புக் குச்சி மாதிரி தெரியும்."

அவர் சொல்லச் சொல்ல அவளுக்குக் குமட்டியது. கட்டியாக வர வேண்டுமாம். அதைப் பூச வேண்டுமாம். ஒரு மனுசன் உட்கார்ந்து பார்ப்பானாம்.

"கிருமி இருந்துச்சுன்னா என்னாங்க ஐயா?"

"பெரிய ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா படுக்கணும். புள்ளைய கிட்டத்துல விடமாட்டாங்க."

பாப்பாவுக்கு இன்னும் சரியாக நடை வரவில்லை. அவளை விட்டுவிட்டுப் போவதா? அந்தப் பயம் ஒரு பக்கம், டப்பாவின் அருவருப்பு ஒரு பக்கம். இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கானோரம் குந்தினாள். இருமினாள். தொண்டைவரை வந்தது. நாக்கில் அதன் வழுவழுப்பு பட்டதுமே அப்படியே விழுங்கிவிட்டாள். கடைசியில் டப்பாவில் விழுந்தது கொஞ்சம் வெறும் எச்சில். அதைப் பார்க்கவும் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே கழுவி ஊற்றினாள். வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. வெறும் டப்பாவும் கையுமாக, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள்.

மலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. ஆயா வேலாயி வாசலிலேயே நின்றாள். முழங்கால் பழுதாகி ஆயா வேலைக்கு வருமுன் அவளும் கொழுந்தெடுத்தவள்தான். சண்முகவடிவு வயிற்றுப் பிள்ளையோடு மலையில் தள்ளாடிய நாட்களில், கணக்கப்பிள்ளை பார்க்காத நேரம் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டு, அரைநாள் கூலியாக அரைப்பேர் விழாமல் காப்பாற்றியவள். மலையில் அது பெரிய உபகாரமும் இல்லை, களவும் இல்லை. முடியாதவள் கூடையை முடிந்தவள் நிரப்புவாள், அவ்வளவுதான்.

"என்னாடி கையில?"

சண்முகவடிவு அழுதுகொண்டே சொன்னாள். வேலாயி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா அழுவுற? இங்க குடு புள்ள. எனக்கு வேணாம் வேணாம்னாலும் வருது. ஒனக்கு எத்தன கூட நெரப்பியிருக்கேன், இந்தச் சின்ன டப்பாவா பெருசு?"

சண்முகவடிவு தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் காறுகிற சத்தம் கேட்டது, அடிவயிற்றிலிருந்து, நீளமாக. பிறகு மூடியைத் திருகும் சத்தம். டப்பா கைக்கு வந்தபோது அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. முந்தானையால் பிடித்து, தூரமாக நீட்டிக்கொண்டே மருந்துச்சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வேலாயிக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். அவள் சளியில் என்ன இருக்கப் போகிறது என்று ஓர் ஆறுதலும் இருந்தது.

டப்பா வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. அடுத்த வாரம் டொக்டர் ஐயா ஆள் அனுப்பினார்.

"கிருமி இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, கொட்டிக் கெடக்குதாம். சாமான் சட்டியக் கட்டு."

சண்முகவடிவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். என்னுடையது இல்லையே! ஆஸ்பத்திரி இல்லை, பாப்பாவைப் பிரிய வேண்டாம். அதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

என்னுடையது இல்லை என்றால் வேலாயியுடையது.

பிள்ளைக்காம்பராவில் பகலுக்கு ரொட்டி கொடுப்பார்கள். கல் மாதிரி ரொட்டி. வேலாயி அதைத் தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி, விரலால் வழித்தெடுத்துப் பிள்ளைகள் வாயில் வைப்பாள். பல் வராத பிள்ளைகள் குருவிக்குஞ்சு மாதிரி ஆவென்று காத்திருக்கும். சண்முகவடிவு அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்து உடம்பெல்லாம் கூசிப்போய், "அக்கா, பாப்பாவுக்கு மட்டும் தண்ணியில ஊற வச்சுக் குடுங்களேன்" என்று ஒருதரம் கேட்டும் இருக்கிறாள். "வந்துட்டா தொரசானி" என்று வேலாயி சிரித்ததும் வாயை மூடிக்கொண்டாள். வேறு யாரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவது? குவளையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுப் பிள்ளையை அந்த வாய்க்குக் கொடுத்திருக்கிறாள், தினம் தினம்.

"ஐயா, அது என் சளி இல்லீங்க" என்றாள்.

"அம்புட்டுப் பேரும் இதத்தான் சொல்றீங்க."

"சத்தியமா இல்லீங்க ஐயா. எனக்கு வரல. வேலாயியக்கா துப்பிக் குடுத்தாங்க."

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. "தூ! மனுசப் பொறப்பா நீங்க? சளியும் கொழுந்தும் ஒண்ணா? ஆளுக்கு ரெண்டு கை போட்டு நெரப்பி நிறுவைக்கு அனுப்புறதுக்கு?" என்று கத்தினார். கத்திக்கொண்டிருந்தவருக்கும் சட்டென்று உறைத்திருக்க வேண்டும். "எந்த வேலாயி? ஆயாவா?" என்றார். அவள் தலையாட்டியதும் பிள்ளைக்காம்பராப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவர் கண்ணெதிரே இன்னொரு டப்பாவில் சண்முகவடிவு இருமினாள். இந்தத் தடவை வழுவழுப்பு நாக்கில் பட்டபோதும் விழுங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, நெஞ்சுக்கு அடியில் கிடந்ததை இழுத்துத் துப்பி, அதைக் கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் மூடினாள். தன்னை நினைத்து வந்த அருவருப்புக்கு முன்னால் அந்தச் சளி ஒன்றுமே இல்லை.

அன்றே பிள்ளைக்காம்பராவைப் பூட்டினார்கள். வேலாயியை நெஞ்சுப்படம் எடுக்க டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அவள் சளியும் சண்முகவடிவின் சளியும் அவசரமென்று எழுதித் தனித்தனியாக ரயிலேறின. பிள்ளைகளை வரிசையில் வைத்து முன்கைத் தோலில் ஊசி போட்டார் டொக்டர் ஐயா. மூன்றாம் நாள் அந்த இடம் சும்மா இருந்தால் கிருமி அண்டவில்லை. தடித்து வீங்கினால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம் என்றார்.

மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. சண்முகவடிவின் சளியில் கிருமி இல்லை. குளிரும் அடுப்புப் புகையும்தானாம். இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டால் நிச்சயமாம். வேலாயிக்குச் சளியில் கிருமி, நுரையீரலில் ஓட்டை. பாப்பாவின் கையில், சட்டைக் கைக்குக் கீழே, சிவந்து தடித்து ஒரு வீக்கம்.

டொக்டர் ஐயா தடவிப் பார்த்தார். "இது நோய் இல்ல. கிருமி நொழஞ்சிருக்கு, அவ்வளவுதான். படம் எடுத்துப் பாத்துட்டு மருந்து குடுப்பம்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' அவள் காதில் ஏறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறியில் வேலாயியை ஏற்றினார்கள். பெண்கள் மண்மேட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவளால் கூடை நிரம்பியவர்கள், அவள் கையில் பிள்ளைகளை வளர விட்டவர்கள். ஒருத்தி வைதாள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். மூட்டையை எடுத்துக் கொடுக்க ஒரு கை நீளவில்லை. வேலாயிக்கு எதுவும் பிடிபட்டதாகத் தெரியவில்லை. "எனக்கு இருமல்கூட இல்லியேடி, வெறுஞ்சளிதானே" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சண்முகவடிவைக் கண்டதும் லொறியின் பலகையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"வடிவு, நம்ம பாப்பாவுக்குக் கை வீங்கிருச்சா புள்ள?"

சண்முகவடிவுக்கு அவளைக் கண்டாலே காறித் துப்ப வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த வாய், அந்த விரல். வாயெல்லாம் எச்சில் ஊறி நிறைந்தது. அதை விழுங்கினாள். பாப்பாவின் கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"இல்லக்கா. ஒண்ணுமில்ல."

"அப்பாடி! மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று வேலாயி வாய் நிறையச் சிரித்தாள்.