பத்து கிலோ மவுண்ட்

டெலஸ்கோப் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே எனக்குச் சுருக்கென்று தைத்தது. "சார், இத யாரு தூக்கப் போறது?"

"நான்தான்," என்றார் என் வீட்டுக்காரர், முந்திக்கொண்டு.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். போன மாதம் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றனவாம். முதலில் கை, பிறகு கால், கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து கிடையாது. இரண்டு வருஷம், மிஞ்சிப்போனால் மூன்று. நான் வார்டில் நர்ஸ். இந்த வியாதிக்காரர்கள் இரண்டு பேரை நானே கட்டிலில் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதைக் கேட்ட பிறகு இந்த மனிதருக்கு ஒரே ஆசை. மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதன் பக்கத்தில் புகை மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதைத் தன் கையால் ஒரு படம் எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று. ஊரில் இல்லாத ஆசை! டெலஸ்கோப் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதைத் தாங்குகிற மவுண்டுக்குத்தான் இந்த அலைச்சல்.

"புதுசா ஆரம்பிக்கிறவங்க டெலஸ்கோப்புக்குக் கொட்டிட்டு மவுண்ட்ல கோட்டை விட்டுடுவாங்க. சார் விவரமானவர்," என்றார் கடைக்காரர். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்குமாம். மோட்டார் வைத்த மவுண்ட் அதோடு கூடவே திரும்பினால்தான் படத்தில் புள்ளியாக விழும், இல்லாவிட்டால் கோடாக இழுத்துவிடும் என்று எனக்கும் சேர்த்து விளக்கினார்.

மேஜைமேல் இரண்டு இருந்தன. பெரியதற்கு முக்காலி இல்லாமல் தலை மட்டும் பத்து கிலோ. காற்றடித்தாலும் அசையாது. சின்னது சாப்பாட்டு டப்பா அளவுதான், ஆனால் இவருடைய டெலஸ்கோப்பைத் தாங்க அதற்கு நாக்குத் தள்ளிவிடும்.

"பெருசுதான்," என்றார் இவர்.

"சின்னது போதுங்க. மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?"

எனக்கா தெரியாது? காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டவளே நான்தான்.

பெரியதை இரண்டு கையாலும் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நாலு விரற்கடை எழும்பியது, அதற்குள் வலது கை தானாகத் திறந்துகொண்டது. நல்லவேளை, கடைக்காரர் பாய்ந்து பிடித்தார்.

"கை வேர்த்துருச்சு," என்றார் இவர். ஏசி போட்ட கடையில் வேர்வையாம்.

சின்னதை எடுத்தார். தூக்க முடிந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் பார்த்து நிறுத்துவதற்கு இரண்டு குட்டித் திருகுகள் இருந்தன.

"இத மயிரிழை மயிரிழையாத் திருகணும் சார். இதுல பிசகினா படம் போச்சு."

அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருகைப் பிடித்தன, வழுக்கின. மறுபடி பிடித்தன, மறுபடி வழுக்கின. நானும் கடைக்காரரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம்தான் வேறெங்கோ பார்ப்பது?

"நீ திருகு," என்றார் என்னிடம்.

திருகினேன்.

"இன்னும் கொஞ்சம்... போதும். இப்ப அந்தப் பெருசைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குடி."

தூக்கினேன். தினமும் ஆட்களைத் தூக்குகிற கைக்குப் பத்து கிலோ ஒரு விஷயமா? சுலபமாக வந்தது. அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பெருசையே குடுங்க," என்றார் கடைக்காரரிடம். "இவ தூக்கிக்குவா. பின்னால நான் வேற அறுபத்தெட்டு கிலோ இருக்கேன். இப்பவே பழகட்டும்."

சிரிப்பதா வேண்டாமா என்று கடைக்காரர் விழித்தார்.

"வாயைக் கழுவுங்க!" என்று கத்திவிட்டேன். "எனக்கு நிலாவை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. என் கையால எடுக்கணும், என் கையால எடுக்கணும்னு உயிரை வாங்கினீங்களே!"

"வாங்கினேன். அந்தக் கை போயிடுச்சுன்னு இப்பத்தானே தெரியுது. நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன், நீ எடு."

குரல் உடையவில்லை. இந்த பஸ் அந்தப் பக்கம் போகாது என்று பயணிகளிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அங்கேயே அவரை நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்தார். "அஞ்சு வருஷம் உத்தரவாதம் சார். யார் பேர்ல எழுதட்டும்?"

"இவ பேர்ல."

"ரெண்டு பேர் பேரையும் போடுங்க," என்றேன்.

கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "ஒரு பேருக்குத்தாம்மா இடம் இருக்கு."

வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் பெயரைச் சொன்னேன்.