பிதுக்கிய மாத்திரைகள்

...இல்லை, அதைப் பொய் என்று சொல்லிவிட முடியுமா, போன் செய்தது உண்மைதானே, மாத்திரையைப் பிதுக்கினால்தான் அட்டைக்குள் ஒளிந்திருக்கும் நம்பர் தெரியும், தினமும் பிதுக்கினாள், அன்றைக்கு மாத்திரை போட்டாச்சு என்று ஆஸ்பத்திரியில் பதிவாக தினமும் அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தாள், விழுங்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பெஞ்சில் சசிரேகா முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பதினெட்டு நாள். இருமல் நின்று, உடம்பு தேறி, கிளியூரிலிருந்து எஸ்டேட்டுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போக ஆரம்பித்த பிறகு எதற்கு மாத்திரை, விழுங்கினால் பத்து மணிக்கெல்லாம் குமட்டல், செடிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் கணக்கெழுதும் ரைட்டர் என்ன ஏது என்று துருவுவார், டிபி என்று தெரிந்தால் யார் அவள் பக்கத்தில் நின்று பறிப்பார்கள்... ஆனால் முந்தாநாளிலிருந்து நெஞ்சுக்குள் அந்தப் பழைய கரகரப்பு. பனிதான். டிசம்பர் பனியில் யாருக்குத்தான் இருமல் இல்லை? புது அட்டையை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவிடலாம் என்றுதான் வந்தாள். நர்ஸ் கலாவதி விடவில்லை.

"ஏனுங்க சசிரேகா, ஒரு நா தவறாம போன் பண்றது நீங்க ஒருத்தருதானுங்க. இந்தப் புள்ள நொம்ப பயப்படுது. நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கு என்ன இருக்கிறது? பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவள் சலீமா, பஸ் ஸ்டாண்டு அருகே மிளகுக் கடைக்காரரின் மருமகள், நேற்றுதான் நோய் தெரிந்ததாம், வீட்டில் எட்டு மாதக் குழந்தையாம். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"அக்கா, நடுவுல நல்லாயிருச்சுன்னா நிறுத்திக்கலாமுங்களா? ஆறு மாசம் என்னால முடியாதுங்க."

கூடாது கண்ணு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், ஒரு வார்த்தைதானே, ஆனால் இவள் அடுத்து கேட்பாள், நீங்க எப்படிப் போட்டீங்க என்று, இந்தக் கண்ணைப் பார்த்து தினமும் போட்டேன் என்றும் சொல்ல வேண்டும், அப்புறம் இவளும் ஒரு நாள் பிதுக்குவாள், போன் செய்வாள், அந்தக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுப்பாள்... தன் மகள்? தினமும் தன் கழுத்தில் முகம் புதைத்துத்தானே தூங்குகிறாள், பதினெட்டு நாளாக... இருமல் வந்தது. அடக்கினாள், அடங்கவில்லை, குனிந்து, விலா நோக, முகக்கவசத்துக்குள் இருமித் தீர்த்தாள். சலீமா அரை முழம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் நிறுத்திட்டேன் கண்ணு," என்றாள் சசிரேகா. "போன் மட்டும் பண்ணுனேன். மாத்திரைய அடுப்புல போட்டுட்டேன். நீ அப்படிப் பண்ணிராத."

மேசைக்குப் பின்னால் கலாவதியின் பேனா நின்றது. இப்போது திட்டு விழும், எல்லோரும் கேட்கும்படி விழும், விழட்டும்... கலாவதி எழுந்து அலமாரியைத் திறந்தாள், சளி எடுக்கும் சிறு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"வெளிய காத்தோட்டமா போயி எடுத்துட்டு வாங்க. பாப்பாவ நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, அதுக்கும் பாத்துரலாம்."

அவ்வளவுதான், திட்டே இல்லை. இத்தனை நாளும் அந்தத் திட்டுக்குத்தானே பயந்தோம் என்று நினைத்தபடி வாசற்படி இறங்கினாள் சசிரேகா, டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தாள், நாளைக்குப் பாப்பா கையிலும் இதே மாதிரி ஒரு டப்பாவா...